சைரனை மிஞ்சிய குரல்

“கைய எடு அண்ணாத்தே! முடிக்காம எந்திரிக்க மாட்டேன்.”

கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள் வேம்புலியம்மாள். அவளுடைய இரண்டு முழங்காலும் கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே, தார் ரோட்டின் மேல் ஊன்றியிருந்தன. வாட்ச்மேன் வீராசாமி அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இருபதடி தள்ளி முதலாளியின் வெள்ளை அம்பாசடர் வழி கிடைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, சொன்னா கேளு. வண்டிக்குள்ள முதலாளியே குந்திகினு கீறாரு. என் பொயப்புல மண்ணப் போட்டுடாத.”

“இன்னும் ரெண்டு வார்த்த.”

“ஒம்போது நாளா இதே ரெண்டு வார்த்ததான் சொல்லிகினு கீற!”

ஏழு மணி சைரன் ஊத ஆரம்பித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சைரன் ஊதும்போது பேச்சு நின்றுவிடும். டீ கேட்க வந்தவன் விரலைக் காட்டிக் கேட்பான். சண்டை போடுகிறவன்கூட வாயை மூடிக்கொண்டு முறைப்பான். வேம்புலி மட்டும் நிறுத்தவில்லை. சைரன் ஏற ஏற அவளும் ஏறினாள்.

“நைனா! உன்னத்தான், கேக்குதா? அவுங்க சங்கு ஊதறாங்க, நானும் ஊதறேன். எது உன் காதுல உயுதுன்னு பாக்கறேன். குணசேகரனுக்கு அந்த வேலைய திருப்பிக் குடு. அதே கேட்டு, அதே ஸ்டோரு, அதே கார்டு. வேற வேல காட்டறேன்னு என்னை ஏமாத்தாத. ஞாயம் கீயம்லாம் அப்பால பேசிக்கலாம். எனக்கு என் ஊட்டுக்காரன் வேல வேணும். குடுக்கற வரைக்கும் நான் நவுர மாட்டேன். நீயாச்சு, நானாச்சு. ஏசுவின் நாமத்துல கேக்கறேன், ஆமென்!”

“ஆமென் மாமே!” என்று ஷிப்டுக்குப் போகிற கும்பலில் ஒருவன் கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். ஓரமாக ஒரு வெல்டர் மட்டும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“யக்கா, எனக்கும் கொஞ்சம் போனஸ் கேளேன்!”

“உனக்கு மொதல்ல புத்தி கேக்கணும்டா. அதுக்கு தனியா ஒரு மாசம் வேணும்.”

முழங்காலில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டு வேம்புலி எழுந்தாள். கார் மெதுவாக நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே முதலாளி பக்தவத்சலம். அறுபது வயது. நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, இன்னும் ஈரம் காயாதது.

“உன் பேர் என்னம்மா?”

“வேம்புலி சார்.”

“கிறிஸ்டியன்னு சொன்னாங்க. பேரு மாத்தலையா?”

“ஞானஸ்நானத்துல பாஸ்டர் கிருபாவதின்னு வச்சாரு. எங்க சேக்காட்டுல ஒருத்தர் வாயிலயும் பூரல சார். மேல கீறவருக்கு பழைய பேரே தெரியும்.”

பக்தவத்சலம் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கண்ணாடி ஏறியது. கார் உள்ளே போனது.

“செத்தேன்” என்றார் வீராசாமி.

எண்பத்தொன்பதாம் வருஷம், ஜூன் மாதம். கத்திரி முடிந்தும் வெயில் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. மேற்கேயிருந்து வந்த காற்று எஸ்டேட் முழுக்க இரும்புத் தூளையும் மண்ணையும் கலந்து வீசிற்று.

குணசேகரன் அந்த பம்ப் கம்பெனியில் ஸ்டோர் ஹெல்பர். பதினோரு வருஷமாக டெம்பரரி. அவனுக்குப் பின்னால் வந்து, அவனிடம் சாமான் பெயர் கற்றுக்கொண்ட இரண்டு பேர் பர்மனென்ட் ஆகிவிட்டார்கள். அவனுக்கு மட்டும் ஒவ்வொரு ஆறு மாதமும் புதுக் கார்டு எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்டோரிலிருந்து ஆறு கன்மெட்டல் புஷ் காணாமல் போயின. உள்ளங்கையில் அடங்குகிற வளையங்கள்தான். ஆனால் பெரிய ஆர்டர் ஒன்றுக்காகக் கடைந்து வைத்தவை. அவை இல்லாமல் பம்புகள் நின்றுபோயின. அன்றைக்கு ஸ்டோர் சாவி குணசேகரன் இடுப்பில் இருந்தது. பர்சனல் ஆபீசர் ஜானகிராமன் வேறு எதையும் விசாரிக்கவில்லை. சஸ்பெண்ட் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அதில் குற்றம் முடிவானால் வேலை போகும். எஸ்டேட்டில் திருட்டுப் பட்டத்தோடு வெளியே வந்தவனை அடுத்த கம்பெனி வாசலில்கூட நிறுத்தாது.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு பொத்தான் இருந்தது. ஷிப்டு முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவனும் கேட்டில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் வீராசாமி பை, கேரியர், இடுப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார். பச்சை எரிந்தால் தொடக்கூடாது, போகவிட வேண்டும். யாருக்கு எது எரியும் என்று மெஷினுக்கே தெரியாது. அதனால் சாமான் எப்படி வெளியே போனது, எந்தக் கையில் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வேம்புலி தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்க் கூடையை இறக்கினாள். விடியற்காலை ஆவடியில் ரயில் ஏற்றி, பட்டரவாக்கத்தில் இறக்கி, தலையில் சுமந்து வந்த கூடை. துணி விரித்த இட்லித் தட்டு, அலுமினியக் குண்டான் நிறைய வடகறி. கடலைப்பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, பொரித்து, கையால் பிட்டுப்போட்டு, சோம்பும் பட்டையும் தூக்கலாக வைத்துக் கொதிக்கவிட்டது. மூடியைத் திறந்தால் வாசனை கேட்டைத் தாண்டி உள்ளே போகும். ஜெபத்தைக் கேலி பண்ணினவன்தான் முதலில் தட்டை நீட்டினான்.

“யக்கா, உன் சாமிக்கு காது கேக்காதா? இந்தக் கத்து கத்தற.”

“அவருக்கு கேக்கும். உங்க ஆபீசுக்குத்தான் கேக்காது. நடுவுல பெரிய செவுரு கீதுல்ல. தின்னுட்டுப் போடா, மணி ஆவுது.”

அன்று மாலை பாஸ்டர் ஞானதிரவியம் சைக்கிளை மிதித்துக்கொண்டு, வேம்புலி குடியிருந்த சேக்காட்டுக்கு வந்தார். தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். ராணுவத் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ரிட்டயரானவர். அவருடைய தகரக் கொட்டகைச் சபையில் முக்கால்வாசிப் பேர் தென் மாவட்டங்களிலிருந்து வந்த குவார்ட்டர்ஸ் குடும்பங்கள். சேக்காட்டிலிருந்து போய்ச் சேர்ந்தவள் வேம்புலி ஒருத்திதான்.

அவள் அடிபம்பில் நின்று, பக்கத்து வீட்டுத் தாட்சாயிணியோடு மாற்றி மாற்றித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பத்து அடி அடித்தால் ஒரு சொம்பு தண்ணீர் வந்தது.

“தே, உங்க ஐயரு வர்றாரு” என்றாள் தாட்சாயிணி. “மூஞ்சியப் பாத்தா பிரம்பு எடுத்துகினு வர்றா மாரி கீது.”

பாஸ்டர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்.

“சகோதரி, கேட்டு வாசல்ல முதலாளி காரையே மறிச்சீகளாமே. கேள்விப்பட்டேன்.”

“மறிக்கல பாஸ்டரே. நான் மொதல்ல வந்தேன், காரு அப்பால வந்துச்சு.”

“ஜெபத்துல தேவனை ‘நைனா’ங்கீக. ‘நீயாச்சு நானாச்சு’ங்கீக. மச்சினன்கிட்ட மல்லுக்கு நிக்க மாதிரில்லா இருக்கு. என்ன பேச்சும்மா இது?”

“போன மாசம் நீங்கதான பிரசங்கம் பண்ணீங்க? தைரியமா கேளுங்க, கதவு தொறக்கற வரைக்கும் தட்டுங்கன்னு.”

“தைரியம் வேற, திமிர் வேறல்லா.”

“எங்க தெருவுல ரெண்டுக்கும் ஒரே மொகம்தான் பாஸ்டரே.”

தாட்சாயிணி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். வேம்புலி குடத்தை இறக்கி வைத்தாள்.

“கோச்சுக்காதீங்க. எங்க நைனாகிட்ட நான் எப்டி கேப்பேன் தெரியுமா? தீபாளிக்கு ஒரு பாவாட வேணும்னா தெரு மொனையிலயே போய் நிப்பேன். வேலை உட்டு வர்றப்ப கால கெட்டியா கட்டிக்குவேன். நாலு பேரு பாக்கணும். ஊட்டுக்குள்ள வந்தப்புறம் மெதுவா கேட்டா ‘ஆவட்டும்’னு சொல்லிட்டு படுத்துக்குவாரு. எனக்கு கேக்கத் தெரிஞ்சது இப்டித்தான். மேல கீறவரு எனக்கு நைனான்னு சொல்லிக் குடுத்தது நீங்க. அப்பால நைனாகிட்ட கேக்கறா மாரி கேட்டா திமிருங்கறீங்க.”

பாஸ்டருக்குக் கோபம் இறங்கிவிட்டது. அவர் நல்ல மனுஷர். பேச்சில் தோற்றால் ஒத்துக்கொள்வார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

“சரி. வெள்ளிக்கிழமை சபையே உபவாசம். ஆறு மணியிலயிருந்து சங்கிலி ஜெபம், ஆளுக்கு அரை மணி நேரம். எல்லாரும் ஒரே வாக்கா ஜெபிக்கணும்னு நானே எழுதியிருக்கேன். கேட்டு வாசல்ல நீங்களும் இதையே சொல்லுங்க. வாசிக்கட்டுமா?”

“வாசிங்க.”

“‘எங்கள் பரம பிதாவே, குற்றமற்ற உமது அடியானாகிய குணசேகரன்மேல் சுமத்தப்பட்ட இந்தப் பழியை நீக்கி, அவனுடைய நியாயத்தைப் பட்டப்பகலைப்போல விளங்கப்பண்ணும்.’”

வேம்புலி கேட்டாள். “இன்னொரு வாட்டி.”

அவர் இன்னொரு தடவை வாசித்தார். அவள் காகிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

“இது எனக்கு வராது பாஸ்டரே.”

“ஏம்மா? என்ன தப்பு இதுல?”

“தமிழு ரொம்ப சுத்தமா கீது. என் வாயில பூராது. நான் என் வாய்க்கு வந்ததையே கேட்டுக்கறேன்.”

“பிடிவாதம்” என்றார் பாஸ்டர். ஆனால் போகும்போது வீட்டு வாசலில் நின்று, உள்ளே பார்த்து, “சகோதரரே, விசுவாசமா இருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார்.

உள்ளே தண்ணீர் டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்த குணசேகரன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவன் சபைக்குப் போகிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர் பெட்டிக்கடையில் பீடி குடித்துக்கொண்டு நிற்பான்.

வேம்புலி தட்டில் சோறு போட்டு, கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள்.

“துன்னு.”

“என் பேர ரோட்டுல கத்தாத வேம்பு.”

“பேரு சொல்லாம எப்டி கேக்கறது? ‘யாரோ ஒருத்தருக்கு’ன்னு கேட்டா யாரோ ஒருத்தருக்குப் போயிடும்.”

“மானம் போவுது.”

“மானம் அங்க கேட்டுலதான் கீது. அத்த எடுத்துகினு வரத்தான் தெனிக்கும் போறேன்.”

அவன் சோற்றைப் பிசைந்தான். சாப்பிடவில்லை. “உன் சாமி என்னை மாரி ஆளுக்கெல்லாம் செய்யாது.”

“அத்த நீ சொல்லாத. அவரு சொல்லட்டும்.”

“கேக்கறதுன்னா உன் பேர சொல்லி கேட்டுக்கோ. என்னை உட்டுடு.”

வேம்புலி கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்துவிட்டு, மறுநாளைக்குக் கடலைப்பருப்பை ஊறப்போட எழுந்து போனாள்.

வியாழக்கிழமை, பத்தாம் நாள். ஜெபம் முடிந்து அவள் மரத்தடிக்கு வருவதற்குள் வீராசாமி அங்கே வந்து காத்திருந்தார். எப்போதும் காக்கித் தொப்பியைக் கழற்றாதவர், அன்றைக்குக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

“தங்கச்சி! நாலு இட்லி வையி. உனக்கு ஒரு சேதி கீது.”

“சேதிக்கு இட்லியா, இட்லிக்கு சேதியா?”

“கிண்டல் பண்ணாத. நேத்து சாய்ந்தரம் முதலாளி ஜானகிராமன் சார கூப்ட்டு அனுப்பினாரு. நான் கதவாண்ட நின்னுகினு இருந்தேன், காதால கேட்டேன். ‘அந்தப் பொம்பள ஒம்போது நாளா என் வாசல்ல முட்டி போட்டு சாமிய கூப்பிடறா. திருடன் பொண்டாட்டிக்கு அந்தத் தெகிரியம் வருமாய்யா? நானும் சாமி கும்பிடறவன், எனக்குத் தெரியும்’னாரு.”

வேம்புலி தட்டில் இட்லியை வைத்தாள். “அப்பால?”

“‘கற்பூரம் ஏத்தி அணைக்கச் சொல்லலாமா’ன்னாரு ஜானகிராமன் சாரு. ‘அவங்க சத்தியம் பண்ண மாட்டாங்கய்யா, அவங்க வழக்கம் இல்ல. அவ சும்மா வாயால சொன்னாலே போதும். எம் புருஷன் எடுக்கலன்னு விசாரணையில ஒரு வார்த்தை சொல்லட்டும். அங்கயே கேஸை மூடிட்டு குணசேகரனை உள்ள எடுத்துக்கோ. பர்மனென்ட் லிஸ்ட்லயும் பேர சேத்துடு’ன்னாரு. பர்மனென்ட்டு தங்கச்சி! உன் சாமி பெரிய ஆளுதான். நான்கூட சொம்மா கத்தறன்னு நெனச்சேன்.”

வடகறி ஊற்றப் போன கரண்டி குண்டானுக்கு மேலேயே நின்றது.

“நெசமாவா அண்ணாத்தே?”

“நான் ஏன் பொய் சொல்றேன்? ஊத்து, ஊத்து.”

அவள் ஊற்றினாள். வீராசாமி இரண்டு இட்லி தின்ற பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எனக்குத்தான் லெட்டர் ரெடி ஆவுது.”

“இன்னா லெட்டரு?”

“யாராவது ஒருத்தன் போவணும்ல. குணா எடுக்கலன்னா, கேட்டுல நின்னவன்தான கைய வச்சிருக்கணும்? ஜானகிராமன் சாரு டைப் அடிச்சே வச்சிட்டாரு, கையெயுத்து மட்டும் பாக்கி. பட்டாளத்துல பதினாறு வருசம் இருந்த வரைக்கும் ஒரு ரிமார்க் கெடையாது எனக்கு. இந்த எயவெடுத்த பல்பு என் சோத்துல கைய வச்சிடுச்சி. உடு, எம் பையன் ஒருத்தன் தலையெடுத்துட்டான். நீ நல்லா இரு. இன்னும் கொஞ்சம் கறி ஊத்து.”

அன்று மாலைக்குள் சேதி சேக்காடு, குவார்ட்டர்ஸ், பட்டாபிராம் சைடிங் வரைக்கும் போய்விட்டது. பாஸ்டர் ஞானதிரவியம் கண் கலங்கிப்போய் வந்தார். கூடவே குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பெண்கள் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

“என் பேச்ச வாபஸ் வாங்குதேன் சகோதரி. நீங்க நைனான்னே கூப்பிடுங்க. குற்றமில்லாதவனைக் கைவிடாத தேவன்!”

“நாளைக்கு முடியட்டும் பாஸ்டரே.”

“இனி என்ன முடியணும்? ஒரு வார்த்தைதானே.”

“ஆமா. ஒரு வார்த்ததான்.”

தாட்சாயிணி கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, “தே, நான்கூட உங்க சாமிகிட்ட ஒண்ணு கேக்கலாமா? எங்க ஊட்டுக்காரன் குடிய நிறுத்தணும்” என்றாள்.

“கேளு. ஆனா சத்தமா கேளு.”

“ரோட்டுலயா? என்னால ஆவாதும்மா!”

எல்லோரும் போனபிறகு குணசேகரன் வாசல்படிக்கு வந்தான். அவள் சாம்பலைத் தொட்டுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

“நாளைக்கு இன்னா சொல்லப் போற?”

“கேக்கறதுக்குப் பதில் சொல்லப் போறேன்.”

“வீராசாமிக்கு லெட்டர் ரெடியாமே.”

“ஆமா.”

“வேம்பு…”

“இன்னா?”

“ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்தட்டுமா?”

அவன் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்ற, அவள் குண்டானைக் கழுவினாள். கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் அவன் அப்படி ஊற்றினது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை கேட்டுக்கு எதிரே கூட்டம் கூடிவிட்டது. யூனியன் ஆட்கள், பக்கத்துக் கம்பெனிக்காரர்கள், வெள்ளைச் சேலையில் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஐந்து பேர், பாஸ்டர். நேற்றுவரை சிரித்தவர்கள்கூட அன்று தள்ளி நின்று இடம் விட்டார்கள். வேம்புலி செருப்பை ஓரமாகக் கழற்றினாள். முட்டி போட்டாள். சைரன் ஊதியது.

“நைனா! பத்து நாளா வேல கேட்டேன். வேலைய கொண்டாந்து என் கையாண்ட நீட்டிட்ட. நான் இல்லன்னு சொல்லல. வாங்கத்தான் போறேன். ஆனா இன்னிக்கு வேற ஒண்ணும் கேக்கறேன். எனக்கு நாக்கு குடு. உள்ள போனா என் நாக்கு ஒட்டிக்கும், எனக்குத் தெரியும். அத்த இஸ்து வுடு. அதுக்கப்புறமும் வேல வேணும். ரெண்டும் வேணும் எனக்கு. ஒண்ண குடுத்துட்டு ஒண்ண எடுத்துக்காத. ஆமென்!”

“ஆமென்” என்று இந்தத் தடவை கூட்டம் முழுக்கச் சொன்னது.

பதினோரு மணிக்கு ஆபீஸ் அறையில் மேஜைக்குப் பின்னால் பக்தவத்சலம். பக்கத்தில் ஜானகிராமன், முன்னால் பைல், மூடி திறந்த பேனா. கதவருகே வீராசாமி, தொப்பியோடு, விறைப்பாக. குணசேகரன் சுவரோரம் நின்றான். வேம்புலிக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. தலைக்குமேல் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது.

“பயப்படாதம்மா” என்றார் பக்தவத்சலம். “ஒரே கேள்விதான். உன் வீட்டுக்காரன் எடுக்கலன்னு நீ சொல்லு. நான் நம்பறேன். வேற சாட்சியே வேணாம் எனக்கு.”

ஜானகிராமன் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். “‘என் கணவர் எடுக்கவில்லை.’ அப்படித்தானே? எழுதிக்கட்டுமா?”

“இருங்க சார். மொதல்ல இத்த எயுதுங்க. அன்னிக்கு அவரு பொத்தான அமுக்கினப்ப பச்ச எரிஞ்சுது. பச்ச எரிஞ்சா தொடக்கூடாதுன்னு ரூல் போட்டது நீங்க. வீராசாமி அண்ணாத்தே மேல ஒரு தப்பும் இல்ல. அந்த லெட்டர கிழிச்சிடுங்க.”

“பச்சை எரிஞ்சதா, சிவப்பு எரிஞ்சதாங்கறது இப்போ எதுக்கு? குணசேகரன்தான் எடுக்கலையே.”

“எடுத்தாரு சார்.”

பேனா நின்றது. வீராசாமியின் விறைப்பு கலைந்தது. சுவரோரம் நின்றவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பக்தவத்சலம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “என்னம்மா சொல்றே?”

“எடுத்தாரு. டிபன் கேரியர் அடி அடுக்குல வச்சி எடுத்துகினு வந்தாரு. கேரியர கய்வுனது நான். விக்கறதுக்கு எடுக்கல சார். பதினோரு வருசம் டெம்பரரியா வச்சிருந்தீங்களே, அந்தக் கோவத்துல உங்க பம்பு ரெண்டு நாளு நிக்கட்டும்னு எடுத்தாரு. ஞாயம்னு சொல்ல வரல. எடுத்தாரு, அவ்ளோதான்.”

“அப்போ…” முதலாளியின் குரல் உயர்ந்தது. “அப்போ திருடினவனுக்காகவா பதினோரு நாள் என் வாசல்ல கடவுளைக் கூப்பிட்டே? உனக்கு வெக்கமா இல்ல?”

“எடுக்காதவனா இருந்தா யூனியன்ல போய் கேட்டிருப்பேன் சார். எடுத்தவனுக்காக வேற யாராண்ட போய் கேக்கறது?” வேம்புலியின் குரல் ஜெபத்தில் ஏறுவது போலவே ஏறிற்று. “நான் ஒரு நாளும் எடுக்கலன்னு சொல்லல. நல்லவன்னு சொல்லல. வேல குடுன்னுதான் கேட்டேன். இப்பவும் கேக்கறேன். அதே வேல, அதே கார்டு. நீங்க இல்லன்னு சொன்னா நாளைக்கு ஏயு மணிக்கு மறுபடியும் வருவேன்.”

“வேம்பு, போதும்” என்றான் குணசேகரன். “மீதிய சொல்லாத. நான் ஏத்துக்கறேன். சார், நான்தான். எல்லாம் நான்தான்.”

“நீ சும்மா இரு.”

ஜானகிராமன் பைலைத் தட்டினார். “சாமான் எங்கே? அதைச் சொல்லு. எந்தக் கடையில போட்டீங்க?”

“கடையில போடல. சேக்காட்டு ஏரியில கீது.”

“ஏரியிலயா? இவன் ஏன் ஏரியில…”

“அவரு போடல சார்.”

வேம்புலி முதன்முறையாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தான். அவள் முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்.

“அன்னிக்கு சாய்ந்தரமே அவருக்குக் கோவம் போயிடுச்சி. காலையில போய் யாருக்கும் தெரியாம எடுத்த எடத்துலயே வச்சிடறேன்னாரு. எனக்குத்தான் பயம். உள்ள எடுத்துகினு போறப்ப மாட்டிக்குவாருன்னு பயம். அவரு பீடி வாங்கக் கடைக்குப் போயிருந்தாரு. அதுக்குள்ள ஆறையும் மடியில கட்டிகினு போய் ஏரியில வீசினவ நான்.”